கருவி பழுதானது குறித்து

நுண்ணோக்கியின் முன்னால், நாற்காலி நுனியில், பேராசிரியர் சற்குணம். கதவருகே ஸ்டூலில், கை கட்டிக்கொண்டு, ஆய்வகப் பொறுப்பாளர் இசக்கியப்பன். மின்னழுத்தம் ஏற்றும் குமிழ் அருகே, பேராசிரியரின் ஆய்வு மாணவியான அவள்.

அவள் உட்காரவில்லை.

நுண்ணோக்கிக்குக் கீழே, தலைமுடியைவிட மெல்லிய ஒரு தகடு. ஒரு முனை பிடிமானத்தில், மறுமுனை அந்தரத்தில். மின்னழுத்தம் ஏற ஏறக் கீழ்நோக்கி வளையும். ஓர் அளவைத் தாண்டினால் பிறகு வளைவதெல்லாம் இல்லை. ஒரேயடியாய் விழுந்து ஒட்டிக்கொள்ளும்.

அந்த அளவு நாற்பத்து நான்கு வோல்ட் என்றது விலைக்கு வாங்கிய மென்பொருள்.

முப்பத்தெட்டு என்றது அவளுடைய சமன்பாடு.

தகடு உருவாகும்போதே சற்றுக் குனிந்துதான் உருவாகிறது. அதற்கென ஒரு வரி சேர்த்திருந்தாள். பேராசிரியர் அதை இரண்டு முறை அடித்தார். இரண்டு முறையும் திரும்ப எழுதினாள்.

"இது ஒண்ணுதான் மிச்சம், பாத்துக்கிடுங்க மேடம்" என்றார் இசக்கியப்பன். "அடுத்தது வர ஆறு மாசம் ஆவும்."

முப்பத்தெட்டைத் தாண்டியும் தகடு நின்றால், இரண்டு வருட உழைப்பு குப்பைக்கு.

முப்பது.

முப்பத்தைந்து.

முப்பத்தேழு.

"ஜம்முனு நிக்குதும்மா" என்றார் பேராசிரியர். "அந்த வரிய நான் அடிச்சது சரிதான் போல."

குமிழை மயிரிழை திருப்பினாள்.

பேராசிரியர் நுண்ணோக்கியில் இன்னும் குனிந்தார். கண்ணை எடுக்கவில்லை.

மானியில் முப்பத்தெட்டு புள்ளி ஒன்று.

மின்னழுத்தத்தைப் பூஜ்யத்துக்கு இறக்கினாள். விழுந்து ஒட்டிய தகடு எழவில்லை.

அவர் எழுந்து நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார்.

"நீயே பாரு."

வெகுநேரம் பார்த்தாள்.

இசக்கியப்பன் தொண்டையைச் செருமினார். "கருவி போச்சுன்னா டைரக்டருக்கு விளக்கக் கடிதம் குடுக்கணும், மேடம். யாரு உடைச்சாலும் அதான் வழக்கம்."

"பேப்பர் குடுங்கண்ணே."

அனுப்புநர். பெறுநர். பொருள்: கருவி பழுதானது குறித்து. பள்ளிக்கூடத்தில் எழுதப் பழகிய வரிசையில், இடப்பக்கம் ஓரம் விட்டு எழுதினாள்.

'ஐயா, மேற்படி கருவி 38.1 வோல்ட்டில் பழுதானது. அந்த அளவில் பழுதாகும் என்பதை முன்கூட்டியே அறிவேன். இதற்கு முழுப் பொறுப்பும் என்னுடையதே.'

கையெழுத்தை நிறுத்தி நிதானமாகப் போட்டாள்.

கடிதத்தை இசக்கியப்பனிடம் கொடுக்குமுன் ஒரு நகல் எடுத்தாள். அதை ஓர் உறையிலிட்டு, பசை தடவி, விளிம்பை விரலால் அழுத்தி ஒட்டினாள்.

விளாத்திகுளத்தில் இருக்கும் அம்மாவின் முகவரியை எழுதி, தபால் பெட்டியில் போட்டாள்.