மூன்றாம் நாள் போன்

வக்கீல் அவளிடம் கேட்டதற்கெல்லாம் கணவரே பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் முகக்கவசத்தோடு பக்கத்து நாற்காலியில் இருந்தாள். உள்ளே மூக்கின் நுனி இல்லை. கறுத்து, காய்ந்து, போன மாதம் உதிர்ந்துவிட்டது.

ஆபரேஷன் செய்த டாக்டரைச் சும்மா விடக் கூடாது, சந்தி சிரிக்க வைக்க வேண்டும் என்றார் கணவர்.

பதினாறு வருஷமாக அந்த மூக்கைக் கேலி செய்தே பொழுதைப் போக்கியவர். வீட்டில் அவளுக்குப் பேரே குடைமிளகாய்தான். பிள்ளைகள் முன்னாலும் அதேதான். அவளும் சிரித்துவைப்பாள். சிரித்துச் சிரித்து அலுத்துப்போய்த்தான் மூக்கைச் சின்னதாக்கிக்கொள்ளப் போனாள்.

ஆபரேஷனுக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் எழுதி வாங்கிய படிவத்தை வக்கீல் திருப்பிக் காட்டினார். அவள் கையெழுத்து, கீழே கணவரின் போன் நம்பர். ஆறாவது வரி: தோல் கறுக்கலாம்.

கறுத்தது மட்டும் குற்றமாகாது, தேர்ந்த கைக்கும் சில நேரம் அப்படி ஆகிவிடும் என்றார். ஆனால் கறுத்த அன்றே கவனித்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம். ஆஸ்பத்திரியில் என்ன ஏது என்று கேட்காமல் விட்டார்களா? அதில்தான் வழக்கே இருக்கிறது.

எப்போது கறுத்தது?

"மூணாம் நாள் காலையில" என்றாள். கட்டுக்கு வெளியே தெரிந்த நுனியைக் கணவரிடம் காட்டியதையும், அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே கத்தி பட்டால் கன்றத்தான் செய்யும் என்றதையும் சொல்லவில்லை. ஏழாம் நாள் கட்டுப் பிரிக்கப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது.

"ஒரு போன் உண்டா சார்? செத்தாளா பொழச்சாளான்னு கேக்க ஒரு நாதியில்ல" என்றார் கணவர்.

ஆஸ்பத்திரியிலிருந்து அன்று வந்திருந்த காகிதக் கட்டை வக்கீல் பிரித்தார். விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

மூன்றாம் நாள், காலை பத்தரை. நர்ஸ் போன் செய்திருக்கிறாள். நுனி கறுத்திருக்கிறதா, தொட்டால் சில்லென்று இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாள். போனை எடுத்தவர் சொன்னதை ஒரு சொல் மாறாமல் எழுதியும் வைத்திருக்கிறாள்.

வக்கீல் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

"'குடைமிளகாய் ஜம்முனு இருக்கு, ஒரு குறையும் இல்ல'ன்னு போட்டிருக்கு. யாரும்மா அது, குடைமிளகாய்?"

கணவர் சுவரிலிருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார்.

அவள் முகக்கவசத்தைக் கழற்றி, மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

"நான்தான் சார்."