கீரி வரைந்த மஞ்சள்

ஓவியக் கல்லூரியின் அரூப ஓவிய வகுப்பில் ஒரு கீரி சேர்ந்திருந்தது. எதை வரையத் தொடங்கினாலும் அதற்குப் பாம்பில்தான் போய் முடிந்தது.

“இந்த வகுப்புல பாம்பும் வரக் கூடாது, பூனையும் வரக் கூடாதுப்பா. உருவமே இல்லாம நிறத்தை மட்டும் வை,” என்றது ஆசிரியராக இருந்த கொக்கு.

கீரி மெனக்கெட்டது. கோடு லேசாக வளைந்தாலே தூரிகையைக் கீழே வைத்துவிடும். மூன்று வாரம் கழித்து, கித்தான் முழுக்க மஞ்சளும் சாம்பலும் மட்டும் படர்ந்திருந்தன. அதைப் பார்த்தபோது கீரிக்கு இளவெயிலில் படுத்திருப்பதுபோல இருந்தது. அப்படியொரு நிம்மதியை அது அதுவரை அறிந்ததில்லை.

மதிப்பெண் போடும் நாளில் கொக்கு கழுத்தை நீட்டிப் பார்த்தது.

“பாம்பை எங்கே ஒளிச்சு வச்சிருக்கே?”

“பாம்பே இல்லை சார்.”

“இதோ வால் தெரியுதே!”

கூடப் படிக்கும் அணில் எட்டிப் பார்த்தது. “எனக்குத் தலைகூடத் தெரியுது சார். நம்மளையே பார்க்குது.”

“வேற யாராலயும் இவ்வளவு நுட்பமா மறைச்சிருக்க முடியாது,” என்று சொல்லி, வகுப்பிலேயே அதிக மதிப்பெண்ணைக் கொக்கு அதற்குப் போட்டது.

எல்லாரும் போன பிறகு கீரி தன் ஓவியத்தின் முன்னால் உட்கார்ந்தது. நிறத்தை மட்டும் பார்க்க எவ்வளவோ முயன்றது. வெகுநேரம் கழித்து அதற்கும் வால் தெரிந்தது. பிறகு தலையும் தெரிந்தது.

கீரி பாய்ந்து கித்தானைக் கடித்துக் கிழித்தது.