கடிகாரத்தின் இடது கால்

"பூமி நகந்தாலும் நகரும் மாப்ள, என் கடிகாரத்துல தப்பு வராது."

சொல்லிவிட்டு, நின்றுபோயிருந்த ஆளுயரக் கடிகாரத்துக்கு முன்னால் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் மாமனார். உட்கார்ந்த தோரணையைப் பார்த்தால் கோட்டை வாசலில் யானைப்படையை மறிக்க வந்தவர் மாதிரி இருந்தது. எதிரே நின்றதோ பழைய சாமான் வியாபாரியும் அவருடைய கோணிப்பையும்தான்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று மகள் வீட்டுக்கு வந்தவர், கூடவே ஒரு பட்டாளத்தை அழைத்து வந்திருந்தார். துருப்பிடித்தது, பல்சக்கரம் தேய்ந்தது, முள் உதிர்ந்தது என்று எவரெவரோ கழித்துப் போட்ட கடிகாரங்களையெல்லாம் கழுவி, எண்ணெய் விட்டு, ஓடவிட்டிருந்தார். உச்சிப்பொழுதில் அத்தனையும் சேர்ந்து மணியடித்தால் தெருக்கோடி நாய்கூட வேறு ஊருக்கு மூட்டை கட்டும்.

மாப்பிள்ளை கட்டட இன்ஜினீயர். இந்த வீடே அவர் கட்டியதுதான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: ஆளுயரக் கடிகாரம் இன்னொரு தடவை நின்றால் எல்லாக் கடிகாரமும் வெளியே. மாமனாரும் மீசையை முறுக்கிக்கொண்டு சம்மதித்திருந்தார். இன்று காலை அது நின்றுவிட்டது.

கொஞ்ச காலமாகவே அது நொண்டிக்கொண்டிருந்தது. 'டிக்' நீளும், 'டாக்' குறுகும். மாமனார் காதை வைத்துக் கேட்டு, இடது காலுக்கு அடியில் ஓர் அட்டையைச் சொருகுவார், ஓடும். மறுபடி நொண்டும், இன்னோர் அட்டை. மருந்துப் பெட்டி, செருப்புப் பெட்டி எல்லாம் தீர்ந்து, கடைசியில் மாப்பிள்ளையின் விசிட்டிங் கார்டுகளும் உள்ளே போயிருந்தன.

பக்கத்து மனையில் மாப்பிள்ளை எழுப்பப்போகும் அடுக்குமாடிக்குப் பள்ளம் தோண்டுகிறார்களே, அந்தப் புழுதிதான் உள்ளே போயிருக்கும் என்று மகள் இரண்டு பேருக்கும் பொதுவாகச் சொல்லிப் பார்த்தாள். எடுபடவில்லை.

"அட்டை முட்டுக் கொடுத்தாத்தான் ஓடும்னா அது கடிகாரம் இல்ல மாமா, நோயாளி."

"என் கடிகாரம் கல்லு மாதிரி இருக்கு. உங்க தரைதான் கோணல்."

வியாபாரியே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மாப்பிள்ளைக்குச் சுருக்கென்றது. கடிகாரத்தைச் சொன்னால் மாமனாருக்கு எப்படியோ, கட்டடத்தைச் சொன்னால் அவருக்கு அப்படி. உள்ளே போய், தரை சமமா என்று பார்க்கும், நீர்க்குமிழி ஓடும் ரசமட்டத்தை எடுத்து வந்தார்.

"குமிழி நடுவுல நின்னா, நீங்களே தூக்கி அவர் கையில குடுக்கணும்."

"குடுக்கறேன். நடுவுல நிக்கலேன்னா, ஒரு கடிகாரத்து மேலயும் யாரும் கை வைக்கக் கூடாது."

மாப்பிள்ளை குனிந்து தரையில் ரசமட்டத்தை வைத்தார். கருவியில் பிசகோ என்று முன்பின்னாகத் திருப்பி வைத்தார். சமையலறை வாசலுக்குப் போய் அங்கேயும் வைத்தார். பிறகு ஜன்னலைத் திறந்து, பக்கத்து மனைப் பள்ளத்தையும் தன் வீட்டு அஸ்திவாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

வியாபாரி கோணிப்பையை விரித்தார். மாமனார் முக்காலியை விட்டு அசையவில்லை.

மாப்பிள்ளை வந்து அவர் கையைப் பிடித்தார். குரல் தாழ்ந்திருந்தது.

"பூமிதான் மாமா நகந்திருக்கு. எல்லாரும் உடனே வெளிய வாங்க."