எதிர்க்கரை வீடு

தம்பி கை வழுக்க, அக்கா அப்போதுதான் கழுவி முடித்த சமையலறைத் தரையில் வாளியில் அள்ளிய வெள்ளச் சேறு மொத்தமும் கொட்டுகிறது. சாக்கடையும் செத்த எலியும் கலந்த நாற்றம் தொண்டைவரை ஏறுகிறது. "நான் கால் வச்ச இடம் வெளங்கும்னு சொல்லுவியேக்கா," என்று இளிக்கிறான். அவள் சிரிக்கவில்லை. ஊறி வீங்கிய அலமாரிக் கதவிலிருந்து கொழகொழவென்று கரும்பச்சைச் சகதி வழிகிறது. ஜன்னலுக்கு வெளியே ஆறு. அதன் எதிர்க்கரையில், போன கோடையில் அவன் லாரி லாரியாகக் கட்டட இடிபாட்டைக் கொட்டி, ஆற்றுக்குள் நீட்டி உயர்த்திய மேட்டின் மேல், அவன் வீடு ஒரு பொட்டுக் கறையில்லாமல் வெயில் காய்கிறது. அவன் ஜன்னலுக்கு முதுகைத் திருப்பிக்கொள்கிறான். காலையிலிருந்து கேட்டதையே மறுபடியும் கேட்கிறான்: "எம்மேல கோவமாக்கா?" இதுவரை "வேலையைப் பாருடா" என்றே சொல்லிவந்தவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்க்கிறாள். "ஆமா. ஆத்தை ஒடுக்கினா தண்ணி எங்க வீட்டுக்குத்தான் வரும்னு தெரிஞ்சேதான் நீ செஞ்ச."