இன்னொரு கை

ஜன்னல் வழியே விழும் காலை வெயிலில் மேஜைமேல் ரத்தம் பிடிக்கும் குழாய்கள் மின்னுகின்றன. தையல்காரி வலது கையை நீட்டியிருக்கிறாள். நர்ஸ் இரண்டாவது முறை குத்தியும் நரம்பு நழுவிப்போகிறது. பக்கத்தில் நிற்கும் கணவனின் முகம்தான் வெளிறுகிறது. "அடுத்த வாரம் பார்த்துக்கலாமே, சிஸ்டர்?" "டெஸ்ட் இல்லேன்னா மாத்திரை இல்ல சார். அந்த மாத்திரையால ரத்தத்துல வெள்ளை அணு குறையுதான்னு பார்க்காம தரமாட்டாங்க." அவளுடைய மனச்சிதைவு நோய்க்கு முதலில் தந்த இரண்டு மருந்துகளும் மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தை அடக்கின; அவள் காதுக்குள் பேசும் குரல்கள் அடங்கவில்லை. வேறு சில ரசாயனங்களையும் தொடும் இந்த மூன்றாவது மருந்துக்குத்தான் வாரந்தோறும் இந்த ஊசி. பஞ்சை அழுத்திப் பிடித்தபடி அவள் சிரிக்கிறாள். "பதறாதீங்க சிஸ்டர், எனக்கும் மூணாவது தடவைதான் ஊசியில நூல் நுழையும்." கணவன் பக்கம் திரும்புகிறாள். "குத்து எனக்கு, மயக்கம் உங்களுக்கா? உட்காருங்க." உட்காருகிறான். "வலிக்குதா?" என்கிறான் மெல்ல. அவள் இடது சட்டைக்கையை முழங்கைக்கு மேலே சுருட்டுகிறாள். "ஒன்பது வருஷமா நீங்க ஒண்ணு கேட்டா, உள்ளேயிருந்து நாலு பேர் குறுக்கே பேசுவாங்க. இப்ப உங்க குரல் மட்டும்தான் கேக்குது." இடது கையை மேஜைமேல் வைக்கிறாள். "குத்துங்க, சிஸ்டர்."