தலைவரின் தொப்பி

போரில் தோளில் குண்டு பாய்ந்த யெஃபிமின் வலது கை மார்புக்கு மேல் எழுவதில்லை. மருத்துவமனையில் அவனுக்குப் பயிற்சி கொடுத்தவர் உளவியலாளர் வர்வாரா லவோவ்னா. மனிதனின் கையைத் தூக்குவது தசை மட்டுமல்ல, அந்தக் கைக்கு இருக்கும் வேலையும்தான் என்று அவர் எழுதிய தத்துவ நூலை, கட்சிக்கு ஒவ்வாத கருத்துமுதல்வாதம் என்று சொல்லி ஏற்கெனவே தடை செய்திருந்தார்கள். இப்போது அவருடைய பயிற்சிக் கூடத்தையும் மூடிவிடலாமா என்று பார்க்க மாஸ்கோவிலிருந்து ஒரு குழு வந்திருந்தது.

"கையத் தூக்கு" என்றார் குழுத் தலைவர்.

கை மார்பருகே நின்றுவிட்டது.

"இன்னும் மேல!"

யெஃபிமுக்கு வியர்த்தது. "அவ்வளவுதான் வருது, தோழர்."

"ஒன்பது மாசத்துல இவ்வளவுதானா, வர்வாரா லவோவ்னா? இதுக்கு ஒரு தத்துவம் வேற!"

உறுப்பினர்கள் சிரித்தார்கள். வர்வாரா, மேசை மேலிருந்த தலைவரின் தொப்பியை எடுத்துப் போய்ச் சுவரின் உச்சிக் கொக்கியில் மாட்டினார். யெஃபிம் ஒருமுறைகூட எட்டாத கொக்கி அது.

"யெஃபிம், தோழர் கிளம்பப் போறார். தொப்பிய எடுத்துக் குடுப்பா."

அவன் சுவரருகே போனான். கை மார்பைக் கடந்தது, தோளைக் கடந்தது, காதை உரசிக்கொண்டு மேலே போனது. விரல்கள் தொப்பியைப் பற்றின.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. தலைவர் எழுந்து வந்து கையை நீட்டினார். யெஃபிம் தரவில்லை. தொப்பியைத் தலைக்கு மேலேயே பிடித்தபடி, தன் கையைத்தான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். நீட்டிய கையோடு தலைவர் காத்து நின்றார்.