பெரிய ரோடு வேண்டாம்

"கொடுத்து வச்சவங்க நீங்க" என்றாள் பாக்கியமேரி, டீயை ஆற்றிக்கொண்டே. "வேனுக்குள்ளயே கட்டிலு, அடுப்பு, தண்ணித் தொட்டி. ஊர் ஊரா டூர் போறீங்க. எங்க வீட்டுக்காரரு என்னைய சமயபுரம்கூடக் கூட்டிப் போனதில்ல."

ஜீயபுரத்தில், வாழைத்தோப்பை ஒட்டியிருந்த அவள் கடை வாசலில் அந்தப் பழைய வேன் நின்றிருந்தது. அம்மணி டீ கிளாஸை வாங்கிக்கொண்டாள். அவள் கணவர் அழகிரி சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினார்.

"எங்க பையன், ஸ்ரீநாத். இந்தப் பக்கம் பார்த்தீங்களா?"

பாக்கியமேரியின் முகம் மாறியது. "இருங்க சார், கண்ணாடி போட்டுக்கறேன்" என்று உள்ளே போனாள். அவள் வருவதற்குள் அழகிரி போட்டோவைப் பையில் வைத்துவிட்டு டீயைக் குடிக்க ஆரம்பித்திருந்தார். அம்மணிதான் அதைப் பிடுங்காத குறையாக எடுத்துக் காட்டினாள்.

ஸ்ரீநாத்துக்கு இருபத்தாறு வயது. மனசு சரியில்லாமல் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், ஒருநாள் காலையில் தென்னூர் வீட்டிலிருந்து செருப்புகூடப் போடாமல் இறங்கிப் போனான்.

"அவன் இல்லேன்னு யாராவது வந்து சொன்னா, அந்த நிமிஷமே நானும் போயிடுவேன்" என்று கணவரிடம் சொல்லிவிட்டுப் படுத்தாள் அம்மணி. ஒரு வாரம் எழுந்திருக்கவில்லை.

"எந்திரி, தேடிப் போவோம்" என்றார் அழகிரி. பொன்மலை ரயில்வே பட்டறையில் வெல்டராக இருந்தவர். வேலையை விட்டார், பழைய வேன் ஒன்றை வாங்கினார், கட்டிலையும் அடுப்பையும் தன் கையாலேயே பொருத்தினார். அவர் வெல்டிங் வைத்த சத்தத்தைக் கேட்டபடிதான் அம்மணி முதல் வாய்க் கஞ்சியைக் குடித்தாள்.

"பெரிய ரோடு வேண்டாங்க. அவனுக்குக் கூட்டம்னா ஆகாது. சின்ன ரோட்டுலதான் நடந்து போயிருப்பான்."

அதிலிருந்து இரண்டு வருஷம். முசிறி, தொட்டியம், லால்குடி என்று அவள் கைகாட்டிய சந்துக்கெல்லாம் மறுபேச்சில்லாமல் வண்டியைத் திருப்பினார். ஸ்ரீரங்கத்தில் அன்னதான வரிசையில் உட்கார்ந்திருந்த தாடிக்காரர்களை ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தாள். யாருக்கும் அவன் கண் இல்லை.

பாக்கியமேரி போட்டோவைப் பார்த்தாள். பிறகு கடைச் சுவரைப் பார்த்தாள்.

"அம்மா, இந்த நோட்டீஸு உங்களோடதா? நான் கடை எடுத்தே ஆறு மாசந்தான் ஆகுது. அதுக்கு முன்னாடியே ஒட்டியிருக்கு."

வெயிலில் வெளுத்துப்போன தாள். முகம் இருந்த இடத்தில் வெறும் மஞ்சள் கறை, கீழே அழகிரியின் போன் நம்பர். ஒட்டியது அம்மணியேதான். இந்த ரோட்டுக்கு ஏற்கெனவே வந்தாகிவிட்டது என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

வேனில் ஏறியதும் அழகிரி வழக்கம்போலக் கேட்டார்: "இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

"வீட்டுக்குப் போலாங்க." என்றாள் அம்மணி. "இனிமே போறதுக்கு ரோடு இல்ல. அவன் எங்கயோ உசுரோட இருந்தாப் போதும். தேடறத விட்டுடலாம்."

அழகிரி சாவியைத் திருப்பவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு தோள் குலுங்க அழுதார். இந்த இரண்டு வருஷத்தில் அவர் அழுது அவள் பார்த்ததே இல்லை. பதறிப்போய் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"நீங்களே இப்படி ஒடஞ்சு போனா எப்படிங்க?"

அவர் நிமிராமலே கேட்டார். "அம்மணி, இனிமே ஒன்னால தாங்க முடியுமா?"

"என்னத்தங்க?"

"காணாமப் போன மூணாம் நாளே, அவன் கொள்ளிடத்துல கெடச்சுட்டான்."